ஒரு பூதானே!



நம்முடைய சபைகளில் பூவைப் பற்றிப் பேச்சு வந்தால், சகோதரிகள் தலையில் வைக்கலாமா கூடாதா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த மாதம் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், காட்டில் தானாய்ப் பூத்து நிற்கிற ஒரு பூவைப் பறிப்பது சரியா, தவறா? அதற்குச் சொந்தக்காரன் என்று ஒருவனும் இல்லையே, பிறகு எப்படி அது திருட்டாகும்? சின்னக் கேள்விதான். ஆனால் இழுத்துப் பார்த்தால் நம்முடைய நடக்கையெல்லாம் அதன் பின்னாலேயே வருகிறது.

இந்தக் கேள்வியை என் மனதில் போட்டவர் நம் ஐக்கியத்தில் உள்ள வயதான ஒரு அம்மா. பரிசுத்த தேசப் பயணம் போய் வந்தவர். ஜெபக்கூட்டம் முடிந்தபின் தன் வேதாகமத்தைத் திறந்து, ஏடுகளின் நடுவே காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பூவைக் காட்டினார். வெளிறிய ரோஜா நிறம், ஐந்து இதழ். “கலிலேயா மலையில பறிச்சது தம்பி. நம்ம ஆண்டவர் நடந்த மண்ணு” என்றார். பக்கத்தில் நின்ற பேரன் சும்மா இருக்கவில்லை. “பாட்டி, அங்க காட்டுப் பூவைப் பறிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. பறிச்சா அபராதம் போடுவாங்க” என்றான். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. “ஒரு பூதானேப்பா! அப்போ நான் என்ன, திருடிட்டேனா?” என்று கேட்டார்.

சட்டென்று ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்ததையும் யோசித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

அது எப்படி வளருகிறது?

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பூக்களைக் காட்டினபோது, அவை எவ்வளவு அழகு என்று பார்க்கச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அவை வளருகிற விதத்தைக் கவனிக்கச் சொன்னார். அவர் காட்டின பூ எது என்பதில் தாவர சாஸ்திரிகளுக்குள் ஒருமனம் இல்லை. அநேகர் சிவப்பு அனிமோன் என்பார்கள். அந்த அம்மா வைத்திருந்தது வேறு பூ. அதன் பேர் சைக்ளமென். எபிரெயர் அதை ரக்கேஃபெத் என்கிறார்கள். நம் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் முதலில் இந்தப் பூ வளருகிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

கலிலேயா, கர்மேல், யூதேயா மலைகளில் கர்வாலி மரங்கள் அடர்ந்த காடுகள் உண்டு. அப்சலோமின் தலை மாட்டிக்கொண்டது என்று வாசிக்கிறோமே, அந்தக் கர்வாலி மரந்தான். அந்த மரங்களின் நிழலிலும், சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளிலும் சைக்ளமென் வாழுகிறது. மண் என்று சொல்லத்தக்கதாய் அங்கே ஒன்றும் இராது. பாறை இடுக்கில் ஒரு பிடி மண், அதன்மேல் உதிர்ந்த இலைகள், அவ்வளவுதான். அந்த ஒரு பிடிக்குள் தட்டையான ஒரு கிழங்கு உட்கார்ந்திருக்கிறது, சின்னச் சேனைக்கிழங்கு மாதிரி.

அந்தத் தேசத்தில் மே மாதம் முதல் அக்டோபர் வரைக்கும் மழையென்பதே இல்லை என்று சொல்லலாம். அந்த ஐந்தாறு மாதமும் சைக்ளமென் செத்ததுபோலக் கிடக்கும். மேலே ஒரு இலைகூடத் தெரியாது. முன்மாரி பெய்து பாறை நனைந்தால் கிழங்கு விழித்துக்கொள்ளும். வெற்றிலைபோல இருதய வடிவில் இலைகள் வரும். ஒவ்வொரு இலையிலும் வெள்ளியில் கோலம் போட்டாற்போல வரிகள் இருக்கும். பிறகு மெல்லிய காம்பில் பூ வரும். டிசம்பரில் ஆரம்பித்து வசந்தகாலம் முழுவதும், பின்மாரி ஓய்கிற ஏப்ரல் வரைக்கும் பூக்கும். பூவின் வாய் தரையை நோக்கியிருக்கும். இதழ்களோ, ஓடுகிற முயலின் காதுகளைப்போலப் பின்னாக மடங்கி மேலே நிற்கும். ஏன் இப்படித் தலை குனிந்திருக்கிறது என்பதற்கு யூதர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். சாலொமோன் தன் கிரீடத்தை இந்தப் பூவைப் பார்த்துச் செய்துகொண்டானாம். ராஜ்யம் போனபோது துக்கத்தில் பூ தலை குனிந்ததாம். வேதத்தில் இது இல்லை, கதைதான்.

பூ வாடினபிறகுதான் பெரிய வேலை நடக்கிறது. காம்பு வளைந்து, காயை மண்ணிலே கொண்டுபோய் வைக்கிறது. காய் முதிர்ந்து கோடையின் தொடக்கத்தில் வெடிக்கும். விதையின்மேல் இனிப்பான பசை இருக்கிறது. அதற்காக எறும்புகள் வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பசையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். சில விதைகள் ஏதோ ஒரு பாறை இடுக்கில் விழுந்து அடுத்த மாரியில் முளைக்கும். சாலொமோன் எறும்பிடத்தில் போய்ப் புத்தி கற்றுக்கொள்ளச் சொன்னானே, அந்த எறும்பு இங்கே தனக்கே தெரியாமல் தோட்டக்காரன் வேலை செய்கிறது. முளைத்த விதை ஒரே வருஷத்தில் பூத்துவிடாது. ஒற்றை இலையோடு ஆரம்பித்து, கிழங்கு பருக்கச் சில வருஷங்கள் பிடிக்கும். ஒருமுறை நிலைத்துவிட்டால் பல பத்து வருஷம் வாழும். கிழங்கில் நச்சுத்தன்மை இருப்பதால் ஆடுமாடு சுலபமாய் அதைத் தொடாது. காட்டுத்தீ மேலே ஓடினாலும் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு தப்பிக்கும். பிடுங்குகிற மனுஷ கைக்குத்தான் அது தப்பாது.

ஆகவே, “அது எப்படியும் வாடப்போகிறது, பறித்தால் என்ன?” என்கிற வாதம் நிற்காது. அது வாடுவது விதைக்காக. நாம் பறித்துவிட்டால் அந்தக் காம்பு மண்ணை நோக்கி வளைய வழியில்லை. அந்தக் காய்க்கு வரவேண்டிய எறும்பும் வெறும் வாயோடு போகும்.

ஆளுக்கு ஒன்று

“ஒரு பூதானே” என்பதுதான் அடுத்த வாதம். இதற்குப் பதில் அந்தத் தேசத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு நாடுகளிலிருந்து கிறிஸ்தவ யாத்திரிகர்கள் எருசலேமுக்குத் திரளாய் வந்தார்கள். அவர்களுக்கென்று ஒலிவ மரத்தில் அட்டை போட்ட புத்தகங்கள் விற்கப்பட்டன. உள்ளே காட்டுப் பூக்களைக் காயவைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பூக்களை வாங்கினவர்கள் யார்? ஆண்டவரை நேசித்தவர்கள். பக்தியினால் வாங்கினார்கள்.

பிறகு 1948ல் இஸ்ரவேல் நாடு உண்டாயிற்று. ஜனங்கள் பெருகினார்கள். விடுமுறை நாட்களில் குடும்பமாய் மலைக்குப் போய், கை நிறையச் சைக்ளமெனும் அனிமோனும் பறித்துக்கொண்டு வருவது வழக்கமாயிற்று. தெருவில் கட்டுக்கட்டாய் விற்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிதான் எடுத்தார்கள். ஆனாலும் பட்டணங்களுக்கு அருகிலிருந்த மலைகள் மொட்டையாகத் தொடங்கின.

ஹூலா ஏரியையும் சதுப்பு நிலத்தையும் வற்றவைக்கிற வேலை 1951ல் ஆரம்பித்து 1958ல் முடிந்தது. அந்த வேலை நடக்கும்போதே, இப்படியே போனால் தேசத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்த சிலர் 1953ல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அஸரியா அலோன், அமோத்ஸ் ஸஹாவி என்பவர்கள் அதில் முக்கியமானவர்கள். 1963ல் தேசியப் பூங்காக்களுக்கும் காப்பிடங்களுக்குமான சட்டம் வந்தது. அடுத்த வருஷங்களில் காட்டுப் பூக்களைக் காக்க நாடு முழுவதும் ஒரு பிரசாரம் நடந்தது. பறிக்கவேண்டாம், பிடுங்கவேண்டாம், வாங்கவேண்டாம், விற்கவேண்டாம் என்பதே அதன் சாரம். பள்ளிக்கூடங்களுக்குப் பூக்களின் படங்கள் போயின. சின்னப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்டார்கள். பறிக்கப்போன அப்பா அம்மாவின் கையைப் பிள்ளைகளே பிடித்து நிறுத்தினார்கள் என்று இன்றைக்கும் அங்கே சொல்லுகிறார்கள். சில வருஷங்களுக்குள் ஒரு ஜனத்தின் பழக்கமே மாறிப்போயிற்று. பூக்கள் திரும்ப வந்தன.

இதில் நான் கவனித்தது என்னவென்றால், மலையை மொட்டையடிக்கப் பெரிய பாவி ஒருவனும் தேவைப்படவில்லை. நல்ல மனுஷர் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு பூ எடுத்தால் போதும். அவர்களில் எவனைக் கேட்டாலும் “நான் ஒன்றுதானே எடுத்தேன்” என்பான். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை மலைக்கு உதவவில்லை.

“நான் செய்தால் என்ன கெட்டுப்போகும்?” என்று கேட்டுப் பழகின நாம், “என்னைப்போல எல்லாரும் செய்தால் என்ன மிஞ்சும்?” என்று கேட்கப் பழகவேண்டும். சபைப் பாத்திரத்தைக் கழுவாமல் போகிறவனும், பொதுக் குழாயை மூடாமல் போகிறவனும், காணிக்கை வேளையில் “என் பத்து ரூபாயிலா சபை நடக்கிறது” என்கிறவனும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

வேதம் போட்ட எல்லை

“பூமியையும் அதிலுள்ளதையும் தேவன் மனுஷனுக்குத்தானே கொடுத்தார்?” என்று சிலர் கேட்கலாம். கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கொடுத்தார் என்று பாருங்கள்.

லேவியராகமம் 25ம் அதிகாரத்தில் நிலம் தம்முடையது என்றும், ஜனங்கள் அதில் பரதேசிகளாய்த் தங்கியிருக்கிறவர்கள் என்றும் கர்த்தர் சொல்லுகிறார். பத்திரம் நம் பேரில் இல்லை பிரியமானவர்களே, நாம் குடியிருக்கிறவர்கள்தான். குடியிருக்கிறவன் கிணற்றில் தண்ணீர் மொள்ளலாம். கிணற்றைத் தூர்க்கக்கூடாது.

உபாகமம் 22ல் பறவைக்கூட்டைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது. குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயை விட்டுவிட வேண்டும். அதாவது, பலனை எடுக்கலாம், பலன் வருகிற மூலத்தை அழிக்கக்கூடாது. சைக்ளமெனில் அந்த மூலம் கிழங்குதான். பூவைப் பறித்தவன் ஒரு வருஷத்து விதையை எடுத்தான். கிழங்கைத் தோண்டினவனோ தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுத்தான். இரண்டும் ஒன்றல்ல.

உபாகமம் 23ன் கடைசியில் இன்னொரு நியாயம் இருக்கிறது. பிறனுடைய திராட்சத்தோட்டத்தில் நடக்கிறவன் வயிறு நிரம்பச் சாப்பிடலாம், கூடையில் போட்டுக்கொண்டு போகக்கூடாது. கைக்கு அனுமதி உண்டு, கூடைக்கு இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு வெகு அருமையாய்த் தோன்றுகிறது. பசி வயிற்றோடு நின்றுவிடும். கூடைக்கு அளவு கிடையாது.

சட்டத்தின் மறுபக்கம்

இந்த இடத்தில் ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாய் எழுதினவன் ஆகமாட்டேன்.

அதே மலைகளில், அதே கர்வாலி மரங்களின் ஓரங்களில், தலைமுறை தலைமுறையாய்க் கீரையும் மூலிகையும் பறித்துச் சமைக்கிற அரபுக் குடும்பங்கள் உண்டு. அவர்களில் நம்மைப்போல ஆண்டவரின் நாமத்தைச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸாத்தார் என்கிற வாசனைச் செடியை அவர்கள் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். வேதத்தில் வரும் ஈசோப்பு இதுதான் என்று அநேகர் நினைக்கிறார்கள். அக்கூப் என்கிற முட்செடியின் இளங்குருத்தை வசந்தகாலத்தில் பறித்து, முள்ளை நீக்கிச் சமைப்பார்கள். சைக்ளமென் இலையில்கூட அரிசியை வைத்துச் சுருட்டி வேகவைக்கிற வழக்கம் அங்கே உண்டு.

1977ல் ஸாத்தாரும் 2005ல் அக்கூப்பும் பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வியாபாரத்துக்காக மூட்டை மூட்டையாய்ப் பறிக்கிறார்கள், செடி அழிந்துபோகும் என்பது அதிகாரிகளின் நியாயம். ஆனால் அபராதம் மூட்டைக்காரனுக்கு மட்டும் விழவில்லை. வீட்டுக் குழம்புக்கு ஒரு பையில் பறித்த கிழவிக்கும் விழுந்தது, வழக்கு கோர்ட்டு வரைக்கும் போனது. “எங்கள் பாட்டிமார் பறித்தார்கள், செடி அழியவில்லையே” என்று அந்த ஜனங்கள் கேட்டார்கள். பல வருஷம் வாதாடினபிறகு, 2020ல் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் பறித்துக்கொள்ள இளக்கம் கொடுக்கப்பட்டது.

எந்தக் கட்சியையும் எடுத்துப் பேச நான் வரவில்லை. கேள்வி மாத்திரம் கேட்கிறேன். மலையைக் காக்கிற சட்டம் நல்லதுதான். ஆனால் அழகுக்காகப் பறிக்கிற கையையும், அடுப்புக்காகப் பறிக்கிற கையையும், சந்தைக்காகப் பறிக்கிற கூடையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? மோசேயின் நியாயப்பிரமாணமே கையையும் கூடையையும் பிரித்துப் பார்த்ததே! நாமும் சபையில் ஒழுங்கு வைக்கிறோம். ஒழுங்கு வேண்டியதுதான். ஆனாலும் மீறினவன் பசியினால் மீறினானா, பேராசையினால் மீறினானா என்று விசாரிக்காமல் தண்டனை கொடுத்தால், ஒழுங்கு நிற்கும், நீதி நிற்காது.

அப்படியானால் அந்த அம்மா?

திருடினாரா, இல்லையா? நான் அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, நீங்க திருடணும்னு எடுக்கல. உங்களுக்குச் சட்டமும் தெரியாது. தெரியாமச் செஞ்சதுக்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். ஆனா அந்தப் பூ யாருக்கும் சொந்தமில்லைன்னு நாம நினைச்சோம் பாருங்க, அதுதான் தப்புக் கணக்கு. அது உங்களுக்குப் பின்னால அந்தப் பாதையில வர்றவங்களுக்கும் சொந்தம்.”

கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அப்போ நான் எனக்குப் பின்னால வந்தவங்களோட பங்கை எடுத்துட்டேன்” என்றார். நான் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

யாருக்கும் சொந்தமில்லாதது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. சிருஷ்டிகருக்குச் சொந்தம். அவருடைய கையிலிருந்து வாங்கிக்கொள்ளப்போகிற, இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு அப்பத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு துண்டுதான். ஆனால் நிற்கிற பூவைப் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் ஒருவனுக்கும் குறைவதில்லை. ஒருவன் பறித்துக்கொண்டால் மாத்திரமே மற்றவர்களுக்குக் குறைகிறது.

வனாந்தரத்தில் மன்னாவைக் காலைவரைக்கும் மீத்துவைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். புழு பிடித்தது. தேவன் கொடுக்கிற சில நன்மைகள் அப்படித்தான், அந்தந்த இடத்தில், அந்தந்த வேளையில் அனுபவிக்கும்படி கொடுக்கப்படுகிறவை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்கப் பார்த்தால் கையில் காய்ந்த சருகுதான் மிஞ்சும்.

ஆகையால், பரிசுத்த தேசப் பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறவர்களே, மார்ச் மாதத்தில் போனால் கலிலேயா மலையில் கர்வாலி மரத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், பரவாயில்லை. பாறை இடுக்கில் தலை குனிந்து நிற்கிற பூவை முழங்காற்படியிட்டுப் பாருங்கள், நின்றபடி பார்த்தால் அதன் முகம் தெரியாது. அது எந்த மண்ணில் நிற்கிறது, எந்த மழையைக் குடித்தது, எந்த எறும்பு அதைச் சுமந்தது என்று யோசியுங்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பறிக்கவேண்டாம் என்று அதட்டாமல், ஏன் பறிக்கவேண்டாம் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தேசத்தில் பெரியவர்களைத் திருத்தினது பிள்ளைகள்தான்.

போகமுடியாத நமக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்த வாரத்தில் “இது ஒன்றுதானே, என்ன ஆகப்போகிறது” என்று எதை எடுக்கப்போனாலும், எடுக்குமுன் ஒரு நிமிஷம் நின்று, எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்ப்போம். மற்றவன் எடுத்ததைக் கண்டால், தீர்ப்புச் சொல்லுமுன், அது கையா கூடையா என்று விசாரிப்போம்.

கர்த்தர் தாமே நம் கண்களைத் திறந்து, நம் கைகளைக் காப்பாராக. ஆமென்.